நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரம்: உலக நாடுகளின் நிதி அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதி அமைச்சர்களுக்கு,

வணக்கம். கல்வியைப் பற்றிய மடல் என்றால் கல்வி அமைச்சருக்குத்தானே போக வேண்டும், நமக்கு ஏன் வந்தது என்று நினைப்பீர்கள். அவர்களுக்குப் பலரும் எழுதியாயிற்று. அவர்கள் மேடையில் நன்றாகவே பேசுகிறார்கள். இறங்கி வந்ததும், "நிதித் துறை ஒத்துக்கொள்ள வேண்டுமே" என்று உங்கள் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்கள். அதனால் நேராக உங்களிடமே வந்துவிட்டேன்.

நான் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள். வாரத்தில் மூன்று மாலை, வேலை முடித்து வருகிறவர்களுக்கான வகுப்பு. அதில் அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா படிக்கிறார். பென்சிலை அவர் பிடிக்கிற பிடியில் முனை அடிக்கடி ஒடியும். எழுதிய தாளைத் திருப்பித் தடவினால் எழுத்துகள் விரலில் தட்டுப்படும், அவ்வளவு அழுத்தம். நான்கு மாதத்தில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அப்புறம் ஒரு நாள், பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பழைய கடன் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் நீல மையில் அவருடைய கைநாட்டு. "டீச்சர், இதுல என் பேரு எங்க இருக்குன்னு நானே பாக்கணும்" என்றார்.

விரலை வரிமேல் வைத்துத் தேடினார். பெயர் கிடைத்தது. முகமெல்லாம் சிரிப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று போய், வட்டி எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. "மா... த... ம்." திரும்பவும் படித்தார். "மாதம். வருஷத்துக்குன்னுல்ல சொன்னாங்க, டீச்சர்?" வகுப்பில் யாரும் பேசவில்லை. அந்தக் கடனை அவர் 11 வருடம் கட்டியிருக்கிறார், கடைசிக் காசு வரை. பத்திரத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, நோட்டை எடுத்து அன்றைய பாடத்தை எழுத ஆரம்பித்தார்.

மூன்றே எழுத்து. அதைப் படிக்கத் தெரியாததற்கு அவர் கொடுத்த விலை 11 வருடம்.

இந்தக் கதையை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. படிக்க முடியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர் முழுக் கடனையும் கட்டி முடித்தார். நீங்களும் சில பத்திரங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் என்றால் உங்கள் நாடுகள், உங்களுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியும். வரி வரியாகப் படித்து, வார்த்தைக்கு வார்த்தை வாதாடி, அப்புறம்தான் பேனாவை எடுத்தார்கள்.

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச் சபை மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 48, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, ஒதுங்கி நின்றவை 8. அதன் 26ஆம் பிரிவு கல்வியை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. கல்வி இலவசமாக இருக்க வேண்டும், குறைந்தது ஆரம்ப, அடிப்படைக் கட்டங்களிலாவது, என்றும் சொல்கிறது. பிரகடனம் என்பது ஒப்பந்தம் அல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சரி. 1966ல் வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை ஒப்பந்தம்தானே? 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்திருக்கின்றன. அதன் 14ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஆரம்பக் கல்வியை இன்னும் இலவசமாக்காத நாடு, சேர்ந்த 2 ஆண்டுக்குள் அதற்கான திட்டத்தைத் தீட்டி ஏற்க வேண்டும்; எத்தனை ஆண்டில் முடிப்போம் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருக்க வேண்டும். கெடு வைத்த கடன் பத்திரத்துக்கு இதைவிடத் தெளிவான வாசகம் வேண்டுமா? 1989ல் வந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை அமெரிக்காவைத் தவிர ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் உறுதி செய்திருக்கின்றன.

"குறைந்தது" என்ற சொல்லில் எனக்கு ஒரு தனி ஆதங்கம் உண்டு. அது தரை. அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று போட்ட கோடு. உங்கள் துறைகள் அதைக் கூரையாக வாசிக்கின்றன. ஆரம்பக் கல்வி கொடுத்தாயிற்றா, கடமை முடிந்தது, மீதியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்!

இனி வாய்தாக்களைப் பார்ப்போம். 1960ல் கராச்சியிலும் 1961ல் அடிஸ் அபாபாவிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடி, 1980க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்று தேதி குறித்தன. நடக்கவில்லை. 1990ல் தாய்லாந்தின் ஜோம்தியெனில் உலகமே கூடி 2000 என்றது. 2000ல் செனகலின் தாக்காரில் கூடி 2015 என்றது. 2015ல் தென் கொரியாவின் இஞ்சியோனில் கூடி 2030 என்றது. முதல் தேதி குறித்தபோது என் வகுப்பு அம்மா பிறந்திருக்கவே இல்லை. இப்போது அவருக்குப் பேத்தி இருக்கிறாள். யுனெஸ்கோ 2025ல் சொன்ன கணக்குப்படி பள்ளிக்கு வெளியே இருக்கும் சிறுவர்களும் இளையவர்களும் 27 கோடியே 20 லட்சம் பேர். இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கோடிக்கணக்கான பிள்ளைகள் உள்ளே வந்திருக்கிறார்கள், அதற்காக உழைத்தவர்கள் ஏராளம். ஆனால் வங்கியில் ஒருவர் மூன்று முறை தவணை தள்ளிக் கேட்டால் அவரை நீங்கள் என்ன சொல்லி அழைப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் துறைக்குப் பிடித்த வாதம் ஒன்று உண்டு: கல்வி ஒரு முதலீடு. கூடுதலாக ஓர் ஆண்டு படித்தால் வருமானம் ஏறக்குறைய 10 சதவீதம் உயரும் என்று பொருளாதார அறிஞர்கள் பல நாடுகளில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கல்விக்காகப் போராடுகிறவர்களும் இப்போது இந்தப் பாஷையைத்தான் பேசுகிறார்கள், அப்போதுதான் உங்கள் கதவு திறக்கும் என்று. நானும் சில காலம் பேசினேன். இப்போது விட்டுவிட்டேன்.

ஏன் என்றால், முதலீட்டுக் கணக்கு போட்டவர்தான் அந்த அம்மாவின் அப்பாவும். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும். மகன் கடைசிவரை கூட இருப்பான், மகள் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். லாபம் எங்கே என்று பார்த்தார், மகனை அனுப்பினார். கணக்கில் பிழை இல்லை. "எங்கப்பா கெட்டவரு இல்ல டீச்சர்" என்று அந்த அம்மாவே சொல்வார். பிழை, அங்கே கணக்கு என்ற ஒன்று போடப்பட்டதில் இருக்கிறது.

லாபத்தைக் காட்டித்தான் கல்வி தருவீர்கள் என்றால், லாபம் குறைவாகத் தெரிகிற ஆள்தான் எப்போதும் முதலில் வெளியே நிற்பார். கை கால் வராத பிள்ளையைப் படிக்கவைக்கச் செலவு அதிகம், அது பிற்காலத்தில் கட்டப்போகும் வரி குறைவு. அகதிப் பிள்ளை நாளைக்கு எந்த நாட்டில் இருக்குமோ தெரியாது. மலை மேலே 12 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்துவது கட்டுப்படியாகாது. அறுபது வயதுப் பெண்ணுக்கு எழுத்துச் சொல்லித் தருவதில் நாட்டுக்கு என்ன வருமானம்? இவர்கள் எல்லோரையும் உள்ளே கொண்டுவருவது சமத்துவம் என்ற கொள்கை. கொண்டுவந்தவர்களை அடுத்த பட்ஜெட்டில் யாரும் வெளியே தள்ளிவிடாமல் காப்பது உரிமை என்ற சட்டம். இவை இரண்டும் இல்லாத கல்வி, இருக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கிற ஏற்பாடாகவே முடியும்.

முதலீடு என்றால் வசதிப்பட்டபோது செய்யலாம், இந்த வருடம் நெருக்கடி என்றால் தள்ளிவைக்கலாம். கடன் அப்படி இல்லை. வித்தியாசம் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

ஒரு சொல்லுக்காக நடந்த சண்டையை இங்கே சொல்ல வேண்டும். 1948 பிரகடனத்தின் முதல் பிரிவு வரைவில் ஆங்கிலத்தில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படக்கூடிய சொல்தான் இருந்தது. அது எல்லா மனிதரையும் குறிக்கும் பொதுச்சொல்தான் என்று சமாதானம் சொன்னார்கள். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடவில்லை. சில நாடுகள் அதை ஆண்களை மட்டும் குறிப்பதாக எடுத்துக்கொள்ளும் என்று வாதாடி, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று மாற்றவைத்தார். தமிழில் 'மனிதர்' என்ற சொல்லிலேயே ஆணும் பெண்ணும் அடங்கிவிடுவதால், தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்தச் சண்டையின் தழும்புகூடக் கண்ணில் படாது. ஆனால் அந்தப் பயம் வீண்பயம் இல்லை. 2022 மார்ச் 23 காலையில் ஆப்கானிஸ்தானில் உயர்நிலைப் பள்ளிகள் பெண்களுக்கும் திறக்கின்றன என்று நம்பிப் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்த மாணவிகளைத் தாலிபான் அரசு சில மணி நேரத்திலேயே திருப்பி அனுப்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடியது. கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், புத்தகம் இருந்தது. சமம் என்ற ஒன்று மட்டும் இல்லை.

அந்த அளவுக்கு அப்பட்டமாகச் செய்கிறவர்கள் குறைவு. மற்ற இடங்களில் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார்கள். கல்வி உரிமைக்கான ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளராக 1998ல் பொறுப்பேற்ற காத்தரினா தொமாஷெவ்ஸ்கி, அரசுகளின் கடமையை நான்காகப் பிரித்தார். பள்ளி இருக்க வேண்டும். பிள்ளைக்கு அது எட்ட வேண்டும். உள்ளே நடப்பது ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஏற்றபடி பள்ளி வளைந்து கொடுக்க வேண்டும், பிள்ளை வளைய வேண்டியதில்லை. உங்கள் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. இத்தனை கட்டடம் கட்டினோம் என்பீர்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாததால் பெரிய பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல், பிறகு வராமலே போய்விடுவது அந்தக் கட்டட எண்ணிக்கையில் தெரியாது. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறப்புச் சான்றிதழ் இன்னொரு பூட்டு. 5 வயதுக்குக் கீழே பிறப்பே பதியப்படாத குழந்தைகள் 15 கோடி என்று யுனிசெஃப் 2024ல் சொன்னது. காகிதம் இல்லாத பிள்ளை பள்ளி வாசலில் நின்றால் என்ன செய்வது? 1982ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொன்னது. முறையான ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு டெக்சஸ் மாநிலம் இலவசப் பள்ளியை மறுக்க முடியாது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது. ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைத் தீர்ப்புதான். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இன்றுவரை உறுதி செய்யாத அதே நாடு இது! உறுதி செய்தவர்களுக்கு இது கொஞ்சம் உறைத்தால் நல்லது.

அப்புறம் கட்டணம். ஏழைகளுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று இன்னமும் பேசுகிறவர்கள் கென்யாவைப் பார்க்க வேண்டும். 2003 ஜனவரியில் அங்கே ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள். அதுவரை வராத பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டு 84 வயது கிமானி மருகே அரைக்கால் சீருடையும் கைத்தடியுமாக முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். ஆர்வம் எங்கே இருந்தது, தடுத்தது எது என்று அந்த ஒரே மாதம் காட்டிவிட்டது. கூடவே இன்னொன்றையும் காட்டியது. பிள்ளைகள் வந்த வேகத்துக்கு ஆசிரியர்கள் வரவில்லை, வகுப்பறைகள் பிதுங்கின. கட்டணத்தை எடுப்பது ஒரு கையெழுத்து. ஆசிரியரைப் போடுவது ஒவ்வொரு மாதமும் கொடுக்க வேண்டிய சம்பளம். முதலாவதைச் செய்து கைதட்டல் வாங்கிக்கொண்டு இரண்டாவதை மறந்த அரசுகள் நிறைய. இதுவும் ஒரு காரணமாக, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகள் 10 பேரில் 7 பேருக்கு ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கியும் யுனெஸ்கோவும் 2022ல் மதிப்பிட்டன. பள்ளிப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்கும். என் வகுப்புக்கு நாளைக்கு வரப்போகிறவர்களும் இவர்கள்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பதிவேட்டுக்கும் பொருந்தும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியவர்கள்தான். பொதுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் கல்விக்கு என்று இஞ்சியோனில் ஒப்புக்கொண்டது உங்கள் நாடுகள். அதைத் தொட முடியாதவர்கள் எல்லோரும் மனமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகமாகக் கட்டும் நாடுகளில் 330 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாடு 2024ல் கணக்குச் சொன்னது. வெளிக் கடன்காரரின் வட்டி முந்துகிறது, உள்ளூர்ப் பிள்ளையின் பாக்கி பிந்துகிறது. அந்த நாடுகளின் அமைச்சர்களிடம் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். கோபம், வட்டியை வாங்குகிற பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம். நீங்களும்தானே இந்தப் பத்திரங்களில் கையெழுத்திட்டீர்கள்? அவற்றில் சர்வதேச உதவி, ஒத்துழைப்பு என்ற சொற்களும் இருக்கின்றனவே?

ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். வருமானம் குறைந்த, கீழ் நடுத்தர வருமானம் கொண்ட 79 நாடுகள் 2030க்கான தங்கள் கல்வி இலக்குகளை எட்ட ஆண்டுக்கு 9,700 கோடி டாலர் குறைகிறது என்பது யுனெஸ்கோவின் 2023 மதிப்பீடு. ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 2024ல் உலகின் ராணுவச் செலவு 2,71,800 கோடி டாலர். வகுத்துப் பார்த்தேன், 13 நாள் ராணுவச் செலவு. ராணுவமே வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. ஆனால் பணமே இல்லை என்பதற்கும் 13 நாள் என்பதற்கும் நடுவில் இருப்பது பற்றாக்குறை அல்ல, முன்னுரிமை.

முன்னேற்றம் என்ற சொல்லை இதுவரை தவிர்த்தே வந்தேன், அது உங்கள் உரைகளில் தேய்ந்துபோன சொல் என்பதால். ஒரே ஓர் இடத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன். 1970ல் இருந்து 2009 வரை, 5 வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததில் 82 லட்சம் மரணங்கள் தவிர்ந்தன. 175 நாடுகளின் தரவை ஆராய்ந்து 2010ல் வெளியான ஆய்வு ஒன்று, அதில் 42 லட்சத்துக்குக் காரணம் பெண்கள் கூடுதலாகப் படித்ததுதான் என்று மதிப்பிட்டது. பாதிக்கு மேல். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த அம்மா, எத்தனை வேளை என்று யாரையும் கேட்கத் தேவையில்லாத அம்மா. இதையும் லாபம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பியபோது இந்த லாபத்தை யாரும் கணக்கில் எழுதியிருக்கவில்லை என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, என்னதான் கேட்கிறேன்? அடுத்த பட்ஜெட் ஆவணத்தில் கல்வியை நலத்திட்டங்களின் பட்டியலில் இருந்து எடுத்து, கடன் பொறுப்புகள் இருக்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம், எத்தனை பேருக்கு, எவ்வளவு பாக்கி, இந்த ஆண்டு எவ்வளவு அடைத்தோம் என்று எழுதுங்கள். அந்தத் தலைகளின் எண்ணிக்கையில் மாற்றுத்திறனாளிகள், அகதிகள், காகிதமில்லாதவர்கள், என் வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் இருக்கட்டும். நெருக்கடி ஆண்டில் முதலில் வெட்டக்கூடாத வரிசையில் ஆசிரியர் சம்பளத்தை வையுங்கள். கடன் கொடுத்த நாடுகளின் அமைச்சர்கள், வட்டித் தவணை வரும் நாளையும் பள்ளிக்கூடத்துக்கான தொகை கட்ட வேண்டிய நாளையும் ஒரே மேசையில் வைத்துப் பேசட்டும். 2030ல் எங்கேயாவது மறுபடி கூடுவீர்கள். அடுத்த தேதி குறிப்பதற்கு முன்னால், முந்தைய நான்கு தேதிகளையும் அதே தாளின் மேலே எழுதிக்கொண்டு உட்காருங்கள். அவ்வளவுதான்.

இந்த மடலை வகுப்பில் படித்துக் காட்டினேன். தன் பத்திரத்தைப் பற்றி எழுதலாமா என்று அந்த அம்மாவிடம் முன்பே கேட்டிருந்தேன். பேர் போடாமல் எழுதுங்க என்றார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவங்க பதில் போடுவாங்களா டீச்சர்?" என்றார். தெரியவில்லை என்றேன். "போட்டா, நான்தான் படிப்பேன்" என்றார்.

எனவே பதில் எழுதுவதாக இருந்தால், எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக, கூட்டெழுத்து இல்லாமல் இருக்கட்டும். தேதி போடுகிற இடத்தில் மாதமா வருடமா என்பது தெளிவாக இருக்கட்டும். விரல் வைத்துத்தான் படிப்பார்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருத்தி